சிறு மாறுதல்களின் பற்று வரவு

ஒரு சீமையின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் பட்டாபிஷேகங்களையும் படையெடுப்புகளையும், தேர்தல் முடிவுகளையும் திறப்பு விழாக்களையும் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டு போவார்கள். ஆனால், ஒரு தெருவில் முதன்முதலாக எந்த வீட்டு உரல் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போடப்பட்டது, எந்தச் சம்சாரி தன் கடைசி ஜோடி மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு வெறும் தும்பைக் கையில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினான் என்பதையெல்லாம் ஏட்டில் ஏற்றமாட்டார்கள். அருப்புக்கோட்டைக்கும் பெரிய தேதிகள் உண்டு. 1952 இல் முத்துராமலிங்கத் தேவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த தொகுதி அது. 1960களில்தான் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு இருப்புப் பாதை வந்தது. 1977 இல் அருப்புக்கோட்டையில் வென்ற எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்றார், 1985 இல் பழைய இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்பட்டு, காமராஜர் பெயரால் ஒரு புதிய மாவட்டம் உதயமாகிப் பிற்பாடு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. இவை யாவும் எங்கள் பக்கத்துக்குக் கீர்த்தி சேர்த்த விஷயங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தத் தேதிகளில் எதற்கும் மறுநாள், எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் எழுந்திருக்கும் நேரம் அரை நாழிகையேனும் மாறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை மாற்றியவை வேறு. அவை விழா எடுக்கப்படாமல், கல்வெட்டுத் திறக்கப்படாமல், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சத்தமின்றி வந்து சேர்ந்த சிறு மாறுதல்கள்.

சிறு மாறுதலைக் கவனிப்பது அற்பமான காரியம் என்று எவரேனும் எண்ணினால், அவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். இங்கிலாந்து தேசத்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற சமயகுரு, தம் ஊர் எல்லையைத் தாண்டிப் பெரும் பிரயாணங்கள் எதுவும் செய்யாமல், எந்தப் பறவை எப்போது வந்தது, மழை எவ்வளவு பெய்தது, தோட்டத்து ஆமை என்றைக்கு மண்ணிலிருந்து தலை நீட்டியது என்று வருஷக்கணக்காகக் குறித்துவந்து, 1789 இல் அவற்றை ஒரு புத்தகமாக வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இயற்கை சாஸ்திர அறிஞர்கள் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் திருச்சுழியிலேயே, 1879 டிசம்பர் 30 ஆம் தேதி பிறந்து, பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கிய வேங்கடராமன் என்ற பாலகன் இருந்தார். மாசி மாதத்தில் பௌர்ணமிக்கு முந்திய நாட்களில் திருச்சுழிக் கோயில் குளத்து நீர் நாளுக்கு நாள் உயர்ந்து, பௌர்ணமிக்குப் பின் வடிந்துவிடும் என்பது அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. தாமும் தோழர்களும் பிள்ளைப் பருவத்தில் எத்தனை படி மூழ்கிற்று என்று பார்த்திருந்ததை மகரிஷி பின்னாளில் அன்பர்களிடம் நினைவுகூர்ந்திருக்கிறார். அசையாமல் நின்று ஒன்றைக் கவனிக்கும் குணம் ஞானிக்கும் வேண்டும், சரித்திரக்காரனுக்கும் வேண்டும், பத்திரிகையில் அபிப்பிராயம் எழுதத் துணிகிறவனுக்கும் கொஞ்சமாவது வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடி, கமுதி வரைக்கும் விரிந்து கிடக்கும் பூமியை வறண்ட பிரதேசம் என்று சொல்வது வழக்கம். இந்த வறட்சியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு விசித்திரம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்; ஓயாத தூறலுக்கும் குடைக்கும் பெயர் பெற்ற லண்டன் நகரத்தில் பெய்வதோ ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். அங்கே அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டுப் பெய்கிறது. இங்கேயோ, பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிட்டு, மற்ற மாதங்களில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஆகவே எங்கள் முன்னோர்களின் நாகரிகம் முழுவதும், அந்தச் சில நாள் மழையை ஆண்டு முழுவதற்குமாகப் பிடித்து வைப்பது எப்படி என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருந்தது. பயிருக்குக் கண்மாய், குடிக்க ஊருணி, கண்மாய்க்கு மடையும் கலுங்கும், மடையைத் திறந்து அடைக்க ஒரு நீர்பாய்ச்சி, இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் என்று அவர்கள் வகுத்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், அண்மைக் காலத்துச் சிறு மாறுதல்களின் அர்த்தம் நமக்கு விளங்கும்.

முதலில் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்போம். என் தாயார் காலத்தில், பங்குனி பிறந்து ஊருணி வற்றிவிட்டால், பெண்கள் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஆள் மறையும் குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டு, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்து ஊற்றிக் குடத்தை நிரப்புவார்கள். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக அவற்றைச் சுமந்து வீடு சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பெண் குழந்தைகள் அன்றைக்குப் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. பித்தளைக் குடத்துக்குத் தண்ணீர் இல்லாமலே ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்தை முதலில் குறைத்தது பிளாஸ்டிக் குடம். அதைப் பார்த்து, நிறம் கெட்டது, பண்பாடு கெட்டது என்று முகம் சுளித்தவர்கள் பெரும்பாலும் தண்ணீர் சுமக்காதவர்களே.

அதற்குப் பின் வந்தது தள்ளுவண்டி. இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த ஒரு சட்டம். குடத்தின் அடிப்பாகம் உட்காருகிற அளவில் நான்கு, ஆறு அல்லது எட்டு வளையங்கள். கீழே சிறு சக்கரங்கள். பின்னால் தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் வரையப்படாமல் உள்ளூர் வெல்டிங் பட்டறைகளில் பிறந்த இந்த வாகனத்தை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு வாசல்தோறும் இன்று காணலாம். தண்ணீர் சிந்தாமலிருக்கக் குடத்தின் வாயில் பழைய துணியைச் செருகி, மேட்டில் ஏறும்போது ஒரு சிறுவன் முன்னே இழுக்க, அவன் தாய் பின்னே தள்ள, அது கிறீச்சிட்டுக்கொண்டே வருவதைப் பார்த்தால், நூற்றாண்டுகளாகத் தலையிலும் இடுப்பிலும் இருந்த பாரம் மண்ணுக்கு இறங்கிவிட்டது பிரத்தியட்சமாகத் தெரியும். இந்தச் சிறு வண்டி இன்னொரு காரியமும் செய்தது. அதை எந்தச் சீர்திருத்தச் சங்கமும் செய்ததில்லை. ஆண்பிள்ளை இடுப்பில் குடம் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று ஒதுங்கி நின்றவர்கள், குடத்துக்குச் சக்கரம் முளைத்தவுடன், அது வண்டி ஓட்டும் காரியமாகிவிட்டபடியால், கூச்சமின்றித் தள்ள முன்வந்தார்கள். டி.வி.எஸ். மொபெட் வந்த பிறகோ, இருபுறமும் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவது இளைஞர்களின் வேலையாகவே ஆகிவிட்டது. வரவுப் பத்தியில் முதல் வரியாக இதை எழுதத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது அடுப்பங்கரை. குதிரைவாலியும் கம்பும் சோளமும் எங்கள் மண்ணுக்குச் சொந்தமான தானியங்கள். மானாவாரியில், ஒன்றிரண்டு நல்ல மழையைக் கண்டாலே விளைந்து கொடுக்கும் விசுவாசமுள்ள பயிர்கள். அவற்றை ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள் என்று இப்போது பல மேடைகளில் ஆதங்கத்தோடு கேட்கிறார்கள். 2023 ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய போது இந்தக் கேள்வி இன்னும் பலமாக ஒலித்தது. நகரத்து நாகரிகத்தில் மயங்கி அரிசிக்கு மாறிவிட்டார்கள் என்பது மேடைகளில் கிடைக்கும் விடை. எங்கள் தெருவில் ஒரு கிழவியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "குதிரவாலி ஒடம்புக்கு நல்லதுங்கறாக, சரிதேன். அத யாரு குத்துறதுன்னு ஒருத்தராச்சும் சொன்னாகளாய்யா?" என்று கேட்டுவிட்டு, தன் உள்ளங்கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். உலக்கை பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. குதிரைவாலியின் உமி லேசில் பிரியாதது. குத்திப் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்தால்தான் சோற்றுக்கு ஆகும். பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு வந்த பெண், பொழுது சாய்ந்த பிறகு உரலடியில் நின்று மறுநாள் சோற்றுக்குக் குத்திய காலத்தில், குத்தாமலே உலையில் போடக்கூடிய அரிசி ரேஷன் கடையில் கிடைத்தது என்றால், அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதற்குச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. அந்த அரிசி 2008 இல் கிலோ ஒரு ரூபாயாயிற்று. 2011 முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. உலக்கையைக் கீழே வைப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்ததால்தான் அவள் அரிசிக்கு மாறினாள்.

சோற்றைப் பற்றிப் பேசும்போது, வானம் பார்த்த இந்தப் பூமியோடு சம்பந்தப்பட்ட இரு முதலமைச்சர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மதிய வேளையை மாற்றினார்கள் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956 இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அருப்புக்கோட்டை வாக்காளர்கள் கோட்டைக்கு அனுப்பிவைத்த எம்.ஜி.ஆர். 1982 இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டில் மாநிலமெங்கும் பரவி, எங்கள் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் மல்லிகைத் தோட்டத்துக்கு மொட்டுப் பறிக்கப் போகிற தாய்க்கு, பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்குப் போயிருக்குமோ என்ற விசாரம் இல்லாமல் போனது பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரி. அவளுடைய விடியற்காலையில் அது பெரியதொரு நிம்மதி.

நகரத்துக்குள் வந்தால் நெசவாளர் தெருக்கள். அதிகாலையில் தெருவின் நெடுகப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் உறைப்பதற்குள் உலர்த்திச் சுருட்டிவிட வேண்டும்; இது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. அக்கம்பக்கத்து வீட்டார் யாவரும் கைகொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் வண்டி வராது, எவரும் கேள்வியும் கேட்கமாட்டார்கள். தெரு என்பது நடக்கிற வழியாக இருந்ததோடு, அனைவருக்கும் சொந்தமான ஒரு தொழிற்சாலையாகவும் இருந்தது. இப்போது ஆலையிலேயே சுற்றிய பாவு பீமில் வந்து இறங்குகிறது; வீட்டுக்குள்ளே விசைத்தறி ஓடுகிறது; தெருவில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த ஒரு தலைமுறைக்கு விசைத்தறி விமோசனம் என்றால், நாலு தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்று காது மந்தமாகிப்போன அடுத்த தலைமுறைக்கு அது வேறொரு சிறை. இந்த வரியை வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. இரண்டிலும் எழுதுவதே நியாயம் என்று தோன்றுகிறது.

வெளியுலகம் எங்கள் அன்றாட வாழ்வில் கைவைப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வருவது நின்றபோது, லிவர்ப்பூல் சந்தையில் ஏறிய விலை இந்தியப் பருத்திச் சீமைகளை எல்லாம் உலுக்கியது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகப் பஞ்சுப் பொதிகளை அனுப்பிவந்த எங்கள் கரிசலும் அதற்கு விலக்கல்ல. போர் ஓய்ந்து விலை இறங்கிய போதும் அப்படியே. இன்று பருத்திக் காடுகளில் பெரும்பகுதி மக்காச்சோளக் காடாகியிருக்கிறது. அது சம்சாரியின் பானைக்குப் போவதில்லை, கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018 இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு எங்கள் காடுகளில் இறங்கி, குருத்தைத் தின்று தீர்த்தபோது, தூரதேசத்தின் விலை மட்டுமல்ல, தூரதேசத்தின் பூச்சியும் நம் வாசலுக்கு வரும் என்பதைச் சம்சாரி கற்றுக்கொண்டான்.

இதே வழியில் வந்து நிலைத்துவிட்ட இன்னொரு விருந்தாளி சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரத்தை எங்கள் பக்கத்தில் பழிக்காதவர்கள் இல்லை. அதை வேரோடு களைய வேண்டும் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் போயிற்று. கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களிலும் அது புகுந்து அடைத்துக்கொண்டிருப்பது பெருந்தீங்கு என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால், மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அந்த விறகால் எரிந்தது, எத்தனை பேர் மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வெட்டிய கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, மண்ணால் பூசி, உள்ளே தீயிட்டு, அது பற்றி எரிந்துவிடாமலும் அணைந்துவிடாமலும் இரவு பகலாகக் காவல் காக்கும் அந்தத் தொழிலில், புகையைத் தின்று வாழ்கிறவர்களுக்கு வேறு வேலை கொடுக்காமல், மரத்தை மட்டும் சபிப்பதில் பிரயோஜனம் இல்லை. இப்போது வீட்டுக்குள் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஊதுகுழலும் புகையும் போய்ப் பெண்களின் கண்கள் தப்பித்தன. சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் மட்டும் பழைய விறகடுப்பு மறுபடியும் எட்டிப் பார்க்கிறது.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். இதை 'ஓசிப் பயணம்' என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போக நினைக்கும் ஒரு பெண், முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்று யார் யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டபோது என்னென்ன பதில் வாங்க வேண்டியிருந்தது என்பதை ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும். எவரிடமும் கையேந்தாமல் வீட்டுப் படியிறங்கி ஊருக்குப் போய்வரும் சுவாதந்திரியம் அவளுக்கு அந்தச் சீட்டின் மூலமாகத்தான் முதன்முதலில் கிடைத்தது. அதன் விலையை ரூபாய் அணாவில் கணக்கிட முடியாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி வரவு. பழைய காலமே பொற்காலம் என்று பாடுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களில் உரலடியில் நின்ற பெண் ஒருத்தியைக்கூட நான் சந்தித்ததில்லை. ஆனால் எந்தப் பேரேட்டிலும் வரவுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. இந்தச் சிறு மாறுதல்கள் ஒவ்வொன்றும் ஒருவருடைய பாரத்தைக் குறைத்த அதே வேளையில், எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஏதோ ஒன்றை நம் கையிலிருந்து நழுவவிட்டு, அதன் இடத்தில் விலைக்கு வாங்கும் சரக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதிலும் குடிதண்ணீரின் கணக்குதான் கடுமையானது.

ஊருணித் தண்ணீரைக் குடித்த ஊர்களுக்கு முதலில் போர்க்குழாய் வந்தது. அதில் உப்புத் தண்ணீர் வந்தது. பிறகு தாமிரபரணியிலிருந்தும் வைகையிலிருந்தும் குழாய்கள் நீண்டு வந்தன. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் பல வீட்டு வாசல்களில் குழாயும் நட்டாயிற்று. குழாய் வந்தது உண்மை. அதில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்பதுதான் பஞ்சாங்கத்திலும் இல்லாத விஷயமாக இருக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் வியாபாரி நுழைந்தான். குட்டியானை என்று ஜனங்கள் அழைக்கும் சிறு லாரியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றிக்கொண்டு, ஒலியெழுப்பியபடி தெருத்தெருவாக வருகிறான். குடம் பத்து ரூபாய், கோடையில் அதற்கும் மேல். நாளொன்றுக்கு நான்கு குடம் வாங்குகிற ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 1,200 ரூபாய் ஆகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு கை வாங்குவதை, அது முந்தானையில் முடியப்படுவதற்கு முன்பே, மற்றொரு கை தண்ணீருக்காகக் கொடுத்துவிடுகிறது. மேற்கொண்டு 200 ரூபாய் கடனும் நிற்கிறது. கேன் தண்ணீர் வாங்கும் நகரத்து வீடுகளின் நிலைமையும் இதைவிட மேலானதல்ல. இவ்வளவுக்கும், விலைக்குத் தண்ணீர் வாங்கும் அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊருணி கிடக்கிறது. சுற்றிலும் கருவேலம், கரையில் குப்பை, வரத்துக்காலின் மேல் யாரோ கட்டிய சுவர். யாரும் அதைப் பகைத்து அழிக்கவில்லை. அது இல்லாமலும் பொழுது விடிகிறதே என்பதால் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். பொது, பொது என்கிறீர்களே, அந்த ஊருணி என்றைக்காவது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே பதில் சொல்ல வேண்டும். எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் எட்ட நின்று பிறர் ஊற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சாதி நிர்ணயித்த ஊர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். திருச்சுழிக்கு அண்டையிலுள்ள கமுதியில், 1897 இல் நாடார்கள் கோயிலுக்குள் பிரவேசித்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போய், 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நாடார்களுக்கே அந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே தள்ளிவைக்கப்பட்டிருந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு குடத்தை நிரப்புகிற தண்ணீர் வண்டிக்காரன் சாதி கேட்பதில்லை. பணத்தின் அந்த ஒரு குணத்தை ஒடுக்கப்பட்டவர்கள் அறிவார்கள். ஆதலால் பழைய ஊருணியை அப்படியே மீட்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், நான் அவரோடு சேரமாட்டேன். யார் வேண்டுமானாலும் எந்தப் படியிலும் இறங்கி மொள்ளக்கூடிய ஊருணி ஒன்று எங்கள் சீமைக்கு இன்னும் கிடைக்கவே இல்லை. அதை உண்டாக்குவதுதான் நம் தலைமுறையின் வேலை.

அதை உண்டாக்கும் வித்தையும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கோயில் வாசல் அடைக்கப்பட்ட அதே காலத்தில், அருப்புக்கோட்டை, விருதுநகர், பாலையம்பட்டி போன்ற ஊர்களின் நாடார் வியாபாரிகள், தாங்கள் விற்கிற சரக்கின் மேல் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி, அந்தச் சில்லறையைச் சேர்த்தே பள்ளிக்கூடங்களும் கிணறுகளும் உண்டாக்கினார்கள். விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலையை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசி தாங்கி நின்றது. அரசாங்கத்தின் பெருந்தொகைக்காக அவர்கள் காத்திருந்தால், அந்தப் பள்ளி வாசலில் காமராஜர் கால் வைத்திருக்கமாட்டார். சிறியதைச் சேர்த்துப் பெரியதை எழுப்பும் அந்தப் புத்தி இந்த மண்ணுக்கு இயல்பாக உள்ளது. அதைத் தண்ணீர் விஷயத்தில், அதுவும் சாதி எல்லையைத் தாண்டி, உபயோகிக்க மறந்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும் பெருந்திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் வரட்டும். வந்தால் வாழ்த்தி வரவேற்போம். ஆனால் காவிரி எங்கள் எல்லைக்கே வந்து நின்றாலும், ஊருக்குள் அதை அழைத்துப் போக வேண்டிய வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால், வந்த தண்ணீர் எங்கே போகும்? 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயருக்கு அரசு புத்துயிர் கொடுத்து, சில கண்மாய்களின் கரைகளும் மடைகளும் செப்பனிடப்பட்டன; நூறு நாள் வேலையிலும் பெண்கள் எத்தனையோ ஊருணிகளில் மண் சுமந்திருக்கிறார்கள். தூர்வாரிய குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியைத் திறக்காமல் விட்ட இடங்களில், அவர்கள் சிந்திய வியர்வைதான் அந்தக் குளத்தில் விழுந்த கடைசி ஈரம். ஊருணியின் பள்ளத்தைவிட, அதற்கு வரும் காலின் நீளம் முக்கியம் என்பது எங்கள் ஊர் நீர்பாய்ச்சிக்குத் தெரிந்த பாலபாடம்.

எனவே இந்தச் சீமையின் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு அப்போது ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இருக்கும். அன்றைக்குப் போங்கள்; உங்கள் ஊருணிக்கு வரும் வரத்துக்கால் எந்தச் சர்வே எண்ணில் தொடங்கி எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்; அதைத் திறப்பதற்கும், படித்துறை யாவருக்கும் பொது என்பதற்கும் சேர்த்து ஒரே தீர்மானம் கேளுங்கள்; தண்ணீர் வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு குடத்தின் விலையை மாதந்தோறும் மகமையாக ஒதுக்க முன்வாருங்கள். அக்டோபர் 2 அன்று மறுபடியும் கிராம சபை கூடும். அன்று எழுந்து நின்று, கால் திறந்தாயிற்றா என்று கணக்குக் கேளுங்கள். திறந்திருந்தால் அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு பங்கு உங்கள் ஊரில் நிற்கும். திறக்கவில்லையென்றால், அடுத்த பங்குனியில் குடம் எத்தனை ரூபாய் என்பதை வண்டிக்காரன் சொல்வான்.